பூச்சி அரித்த இலை

கனசாவா
12 நவம்பர் 1958

என் அக்கா பெற்ற அருமைச் செல்வி சயோகோவுக்கு, ஊறுகாய்ச் சக்கரவர்த்தியும் உன் தாய்மாமனுமாகிய தமேகிச்சி வாரி வழங்கும் ஆசிகள்.

காய்ச்சல் விட்டதா? நான் கியோத்தோ வந்திருந்தபோது நீ படுக்கையில் முனகிக்கொண்டே, "மாமா, இக்கெபானா மலரலங்காரக் கண்காட்சிக்குப் போய் என் ஜாடிக்கு மட்டும் தண்ணி ஊத்திட்டு வந்துடுங்க" என்றாய். வெறும் தண்ணீரோடு திரும்புகிற ஆளா நான்? உன் பெயர்ப்பலகைக்குப் பின்னால், செக்கச்சிவந்த செர்ரிக் கிளையில், நட்டநடுவே ஓர் இலை. இலையா அது? சல்லடை! அதில் மாவு சலித்து ஜப்பான் முழுவதற்கும் பலகாரம் சுடலாம். ஊரே பார்க்க வரும் இடத்தில் என் மருமகளுக்கு இப்படியொரு மானக்கேடா? மேசைக்கடியில் கிடந்த உன் கத்தரியை எடுத்தேன். ஒரே வெட்டு. அந்த நேர்த்தியைக் கண்டு பக்கத்து ஜாடிச் சாமந்திகள் தலைகுனிந்தன.

நன்றியெல்லாம் வேண்டாம். தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். தபால்காரர் என்னை இப்போது 'ஆசிரியரே' என்றுதான் கூப்பிடுகிறார்.

உன்னைக் காத்த மாமன்,
தமேகிச்சி


கியோத்தோ
18 நவம்பர்

அன்புள்ள மாமாவுக்கு,

காய்ச்சல் விட்டது. முள்ளங்கி ஊறுகாய் வந்தது. வீட்டுக்காரம்மாவுக்கும் கொடுத்தேன்.

எழுதாமலே இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். அந்த இலைக்காகத்தான் மாமா அந்தக் கிளையே. குராமா மலையில் ஒரு ஞாயிறு முழுக்க அலைந்து, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். இலையுதிர்காலம் முடியப்போகிறது என்று அது ஒன்றுதான் சொன்னது. மற்ற இலைகள் அதற்குத் துணை. முதல் நாள் இவாகுரா ஆசிரியை அதன்முன் வெகுநேரம் நின்று, "வசந்தக் கண்காட்சியில உன் ஜாடிய என் ஜாடி பக்கத்துல வை" என்றார். இத்தனை வருஷம் அவரிடம் படித்ததே அந்த இடத்துக்காகத்தான்.

கடைசி நாள் நான் போனபோது நடுவே மொட்டையாக இருந்தது. யார் கை என்று உங்கள் கடிதம் வருமுன்பே தெரியும். வெட்டுவாயைப் பார்த்து ஆசிரியை, "பூச்சி அரிச்ச இலையைக் காட்டப் பயந்துட்டியா?" என்று கேட்டார். "ஆமாம்" என்றேன். வேறென்ன சொல்ல? என் பெயர் போட்ட ஜாடியில் இன்னொருவர் கைவைக்க விட்டேன் என்பது பயந்ததைவிடக் கேவலம். பக்கத்து இடம் போய்விட்டது.

அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

சயோகோ


கனசாவா
21 நவம்பர்

சயோகோ,

பட்டங்களுக்கெல்லாம் இன்று விடுமுறை. என் காது எரிகிற எரிச்சலில் கடையில் கணப்பே மூட்டவில்லை. ஊறுகாய்ப் பீப்பாயில் இறங்கித் தலைமேல் ஊறுகாய் அழுத்தும் கல்லை வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன், தொப்பை விடவில்லை. இதற்குள் தபால்காரர் தன் பைன் செடியைத் தொட்டியோடு தூக்கி வந்துவிட்டார். "ஆசிரியரே, நீங்கதான் வெட்டிவிடணும்!" "கை சுளுக்குய்யா" என்று ஓடி முள்ளங்கி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். உன் அத்தை எட்டிப் பார்த்து, "அந்த வாயை முதல்ல வெட்டியிருக்கணும்" என்கிறாள்.

ஒரு வார்த்தை எழுது. ரயிலேறி வந்து, உன் ஆசிரியை வாசலில் மண்டியிட்டு, வெட்டியது நான்தான் என்று சொல்லிவிடுகிறேன்.

தமேகிச்சி


கியோத்தோ
30 நவம்பர்

மாமா,

வேண்டவே வேண்டாம். நீங்கள் சொன்னால் நான் பொய் சொன்னவளும் ஆவேன். கோபம் இல்லை என்று எழுத ஆசைதான். இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

வசந்தக் கண்காட்சியில் ஆசிரியை எனக்குக் கதவோரம் ஒரு மூலை கொடுத்திருக்கிறார். வாருங்கள். அவரிடம் மட்டும் ஒரு சொல்லும் பேசக்கூடாது.

சயோகோ


கியோத்தோ ரயில் நிலையம்
8 மார்ச் 1959

சயோகோ,

வந்தேன். நீ தண்ணீர் எடுக்கப் போயிருந்தாய். பாதி பட்டுப்போன பிளம் கிளை. பட்ட பாதியை அப்படியே விட்டிருந்தாய். பார்த்துக்கொண்டிருந்தபோது உன் ஆசிரியை பக்கத்தில் வந்து நின்றார்.

"போன தடவை இந்தப் பொண்ணு பயந்துட்டா. இந்தத் தடவை பயப்படல. அடுத்ததுல என் பக்கத்துல வச்சுக்கப்போறேன்" என்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "உங்களுக்கு இவளைத் தெரியுமா?" என்றார்.

தெரியாது என்று தலையாட்டினேன்.

நீ படாத பயத்தை அவர் மன்னித்தார். நான் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நீ வாளியோடு வருவது தெரிந்ததும் மறுவாசல் வழியாக வந்துவிட்டேன். உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அம்மா.

மாமா