முதல் பிடி மயிலைக்கு

என் தங்கையைக் கட்டியவனே, என் ஏரில் பாதிக்குச் சொந்தக்காரனே,

ஊரார் முன்னால் உன்னை ‘வாங்க மாப்பிள்ளை’ என்பேன். நம் மானாவாரிக் கொல்லைக்குள் கால் வைத்துவிட்டால் வா, போ என்றுதான் பேச்சு. இது கொல்லைப் பாறையில் உட்கார்ந்து எழுதுகிற கடிதம், அதனால் மரியாதையை எதிர்பார்க்காதே. சித்திரையில் காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை. இப்படிப் பாதியில் விட்டுப் போனவனுக்கு மரியாதை ஒரு கேடா?

நீ போன பிறகு இங்கே நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளைக்காரன் சண்டை இன்னும் ஓயவில்லை. மண்ணெண்ணெய் கிடைப்பதில்லை, பர்மா அரிசி நின்றே போய்விட்டது. அதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். மழைதான் நம்மைக் கைவிட்டுவிட்டது மாப்பிள்ளை. ஆடியில் ஒரு உழவு மழை பெய்தது, நம்பி விதைத்தோம். அப்புறம் வானம் பக்கம் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். சோளம் இடுப்பு உயரம்கூட வரவில்லை. கதிரில் மணி இல்லை.

ஆனாலும் நீ சொன்னபடிதான் அறுத்தேன். எல்லோரும் தரையோடு தரையாக அறுத்துவிட்டு, வழக்கப்படி ஊர் மாடுகளை மேய விட்டார்கள். நான் முழங்கால் உயரத்துக்குச் சோளத்தின் அடிக்கட்டையை நிறுத்தி, முள் படல் போட்டுக் கொல்லையை அடைத்தேன். இந்த வருஷம் சோளம் நின்ற பாதியில் அடுத்த வருஷம் கொள்ளு, கொள்ளு நின்ற பாதியில் சோளம். கட்டை நின்றால் மண் நிற்கும் என்பாய். நீ இருந்தபோதே, போன வருஷ மாசிக் காற்றில் பக்கத்துக் கொல்லைச் செம்மண் எல்லாம் இண்டூர்ச் சாலைக்குப் பறந்தபோது, நம் மண் நம் கொல்லையிலேயே கிடந்தது. அதைக் கண்ணால் பார்த்த பிறகும், “மாடு பட்டினி கெடக்குது, மச்சானும் மாப்ளையும் மண்ணுக்குத் தீனி போடறாங்க” என்று ஊரில் இன்னும் சிரிக்கிறார்கள்.

சிரித்துவிட்டுப் போகட்டும். மாடுகள் பட்டினி என்பது மட்டும் பொய் இல்லை. உன் செவலையும் என் மயிலையும் இப்போது வெறும் எலும்புக் கூடு. ஆளுக்கு ஒரு மாடு, இரண்டும் சேர்ந்தால்தான் நமக்கு ஒரு ஏர். ஒன்று விழுந்தாலும் இரண்டு குடும்பத்துக்கும் உழவு இல்லை. என் வீட்டுக் கூரையில் பாதியைப் பிடுங்கி அவற்றுக்குப் போட்டாயிற்று. படுத்தால் நட்சத்திரம் தெரிகிறது. மட்கிய கூரைப்புல்லில் என்ன சத்து இருக்கும்?

இந்த நிலையில் மாசியில் திடீரென்று ஒரு தூறல். ஒரே ஒரு தூறல். நம் சோளக் கட்டை அத்தனையும் துளிர்த்துவிட்டது மாப்பிள்ளை. ஊர் முழுக்கக் காய்ந்து கிடக்க, நம் கொல்லை மட்டும் பச்சை. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வரவில்லை, ஓடிப்போய்ப் படலில் இன்னும் முள்ளை வைத்து நெருக்கினேன். வறட்சியில் வாடிய சோளத்தின் குருத்து மாட்டுக்கு விஷம் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பசித்த மாட்டுக்குத் தெரியுமா? கிழக்குக் கொல்லைக்காரரின் பசு முள்ளை மிதித்துக்கொண்டு உள்ளே வந்து மேய்ந்தது. வரப்பைத் தாண்டுவதற்குள் நுரை தள்ளி விழுந்துவிட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. பசுவின் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதார். திட்டியிருக்கலாம்.

அன்று சாயங்காலம் உன் பொண்டாட்டி வந்தாள்.

“அண்ணா, அவரு மாடு படுத்துக்கிச்சு. எழுப்புனாலும் எழ மாட்டேங்குது. அந்தக் குருத்த அறுத்துக் குடுங்க.”

“உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? பசு செத்தது கண்ணுக்குத் தெரியலயா?”

“பச்சையாத் தின்னாத்தான் வெசம். அறுத்து, நொறுங்கற மாதிரி காய வெச்சுட்டா வெசம் போயிரும்னு அவரே சொல்லியிருக்காருங்க அண்ணா.”

நீ சொன்னாயா மாப்பிள்ளை? எப்போது சொன்னாய்? ஏர் பிடித்தபடி நாளெல்லாம் வாய் ஓயாமல் பேசுவாயே, என்னிடம் ஏன் இதைச் சொல்லவில்லை? நிஜமாகவே சொன்னாயா, இல்லை, மாடு சாவதைப் பார்க்கப் பொறுக்காமல் அவள் உன் பெயரை இழுத்தாளா? அவளிடம் கேட்டேன். “அவரு பேருல நான் பொய் சொல்லுவனா?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்கு மேல் எப்படிக் கேட்பது?

குருத்தை மட்டும் அறுத்தேன். கட்டையை அசைக்கவில்லை, வேர் மண்ணில்தான் இருக்கிறது. இந்தப் பாறையில் பரப்பி, புரட்டிப் புரட்டிக் காயப்போட்டேன். இப்போது கையில் எடுத்தால் பொடியாகிறது. இதற்கு மேல் காய்வதற்கு ஒன்றும் இல்லை. இனி மாட்டின் வாயில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

செவலையை எப்படியோ எழுப்பி, நடத்திக் கூட்டி வந்துவிட்டாள். “மொத என் மாட்டுக்குப் போடுங்கண்ணா. சொன்னது என் வூட்டுக்காரரு. போனா எங்களோட போவட்டும்” என்கிறாள். செவலையின் கழுத்தில் நீ திரித்துப் போட்ட கயிறு இன்னும் கிடக்கிறது. அதைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். உன்னுடையது என்று மூச்சு விடுகிற வேறு எதுவும் அவளிடம் இல்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. நீ ஒரு வார்த்தை பேசினால் போதும். பேச மாட்டாய்.

முதல் பிடி மயிலைக்கு. முடிவு செய்துவிட்டேன். பொழுது சாயும்வரை அது நின்றால், மிச்சமெல்லாம் செவலைக்கு. விழுந்தால், இந்தத் தீனியைக் குழியில் போட்டு மூடிவிட்டு, மிச்சக் கூரையையும் பிரித்துச் செவலைக்குப் போடுவேன். நீ சொன்னது தப்பு என்று உன் பொண்டாட்டியிடம் ஒரு நாளும் சொல்லமாட்டேன், நான் சரியாகக் காய வைக்கவில்லை என்பேன். மழை வந்த அன்று நுகத்தின் ஒரு பக்கம் செவலை, மறுபக்கம் நான். உன் பொண்டாட்டி மேழி பிடிக்கட்டும். உன் கட்டைகளுக்கு நடுவே கொள்ளு விதைத்தே தீருவேன்.

மயிலை என் கையை முகர்கிறது. போடுகிறேன்.

உன் மச்சான்,
ஏரின் மறுபாதி.