பிரிந்துபோன கப்பல்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர்
ஐப்பசி, வெள்ளிக்கிழமை

இதை எடுப்பவர் யாரானாலும் சரி, உங்களைக் கும்பிடுகிறேன், ஒருவருக்கும் காட்டாதீர்கள்.

அடைமழையில் முடங்கிக் கிடந்த பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்குக் காகிதக் கப்பல் மடிக்கக் காட்டிக்கொடுத்தேன். "தாயி, இன்னும் தாள் கொண்டா! எங் கப்பல்தான் முந்தும்" என்று சிரித்தார். தாள் தீர்ந்ததும், வெள்ளைக்காரனை வெளியேறச் சொல்லி அச்சடித்து அண்ணன் ஒளித்து வைத்திருந்த நோட்டீஸ்களை எடுத்தேன். அச்சு உள்ளே போகும்படி மடித்தால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். தெருத் தண்ணீரில் விட்டோம். நனைந்ததும் எல்லாம் பிரிந்து, எழுத்து மேலே தெரிய, போலீஸ் ஸ்டேஷன் பக்கமாக ஓடின.

"ஏட்டி, கட்டு குறையுதே, நீ எடுத்தியா?" என்றான் அண்ணன்.

"எலி இழுத்திருக்கும்ணே" என்றேன்.

நிஜத்தைச் சொல்லியிருந்தால் இந்நேரம் சேத்தூர் மாமா வீட்டுக்குத் தப்பிப் போயிருப்பான். என்னை நம்பித் தூங்குகிறான்.

இப்போதே எழுப்பிச் சொல்லிவிடுகிறேன். வாசல் கதவை யாரோ தட்டு