மல்லாட்டைப் புத்தகத்துக்கு வந்தவர்

அன்பு மகள் சங்கவிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அப்பா, மாடு, கன்று எல்லோரும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளை பிரான்சிஸும் பாப்பாவும் அந்த அயர்லாந்துக் குளிரில் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று மயிலம் முருகனை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம், நீ அழுவாய், நானும் அழுவேன், பக்கத்தில் அப்பா இருப்பார், அதனால்தான் எழுதுகிறேன். ஐப்பசி மழையில் ஏரி நிரம்பிவிட்டது, மல்லாட்டை விதைக்க இன்னும் ஈரம் காயவில்லை என்று அப்பா தினமும் கொல்லைக்குப் போய் மண்ணைக் கிள்ளிப் பார்த்துவிட்டு வருகிறார்.

நீ சொன்னபடியே திண்டிவனத்தில் நடந்த எழுத்தாளர் கூட்டத்துக்கு அப்பாவை அழைத்துக்கொண்டு போனேன். மேடையில் உன் புத்தகத்தைக் காட்டி உன் பெயரைச் சொல்லும்போது அவர் முகம் கொஞ்சம் இளகினால்கூடப் போதும், தை மாதம் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன் என்று சொன்னாயே, அந்த நினைப்பில்தான் போனேன். உன் புத்தகம் என்றால் வாசலைத் தாண்ட மாட்டார், அதனால் நம் மல்லாட்டையை வேர்க்கடலை என்று போட்டு அதன் சாகுபடி பற்றிப் புத்தகம் எழுதின விருத்தாசலம் என்பவர் கண்டாச்சிபுரத்திலிருந்து வந்து பேசுகிறார் என்று மட்டும் சொன்னேன். அது பொய்யும் இல்லை. மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையோடு எனக்கு முன்னால் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றுவிட்டார்.

கல்யாண மண்டபத்தில்தான் கூட்டம். நம் பக்கத்தில் இத்தனை பேர் எழுதுகிறார்களா என்று மலைப்பாக இருந்தது. பேய்க்கதை எழுதுகிறவர் அவ்வளவு சாது, மைக் கீச்சிட்டதற்கே பதறிவிட்டார். துப்பறியும் கதைக்காரர் வாசலில் விட்ட செருப்பைக் காணோம் என்று தேடினார், கடைசிவரை கிடைக்கவில்லை. விழுப்புரத்து டீச்சர் ஒருவர் சிறுபிள்ளைக் கதையை யானை மாதிரி ஆடிக்காட்டிச் சொன்னார், கவிதை எழுதுகிறவர்கள் மட்டும் ஏழெட்டுப் பேர், ஒருவரும் சொன்ன நேரத்தில் இறங்கவில்லை. விருத்தாசலம் பேச வந்ததும் அப்பா முதல் வரிசைக்கே போய் உட்கார்ந்துவிட்டார். இலைப்புள்ளி நோய்க்கு என்ன செய்வது, ஜிப்சம் எப்போது போடுவது என்று எழுந்து நின்று கேட்டார், விருத்தாசலம் வேடிக்கையாகச் சொன்ன பதிலுக்கு வாய்விட்டுச் சிரித்தார். நீ கல்யாணம் பண்ணிக்கொண்டு போனதிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை சங்கவி. இன்றைக்கு எல்லாம் சரியாகிவிடும் என்று பைத்தியக்காரி மாதிரி நம்பினேன்.

அடுத்து உன்னைத்தான் கூப்பிட்டார்கள். கூட்டம் நடத்தின தையல்நாயகி அம்மா உன் சிறுகதைப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, கிளியனூர் கோதண்டபாணி மகள் சங்கவி என்று மைக்கில் சொன்னார். நீதானே புத்தகத்தில் அப்படிப் போட்டிருக்கிறாய். வர முடியாத எழுத்தாளருக்கு வீட்டார் மேடையேறிப் பொன்னாடை வாங்கிக்கொள்வது வழக்கமாம், நான் ஏறினேன். நாங்கள் யார் என்று வாசலிலேயே அந்த அம்மாவிடம் சொல்லிவைத்திருந்தேன், அவர் அப்பாவைப் பார்த்து, நீங்களும் வாங்க ஐயா, பொண்ணைப் பெத்தவர் நீங்கதானே என்று கூப்பிட்டார். அப்பா எழுந்து நின்று கும்பிட்டு, இல்லீங்க, நான் மல்லாட்டை புக்குக்காக வந்தவன், அந்தப் பொண்ணு யாருன்னு எனக்குத் தெரியாதுங்க என்றார். குரலில் கோபமே இல்லை, வழி கேட்டவருக்குத் தெரியாது என்று சொல்வது மாதிரி சொன்னார். தமாஷ் என்று நினைத்துக் கூட்டம் சிரித்தது. நான் பொன்னாடையோடு தனியாக நின்றேன். கத்தியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும், கத்துகிற மனுஷனை என்றைக்காவது சமாதானம் செய்யலாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஊர் வரும்வரை ஜிப்சம் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். நாலைந்து நாள் பொறுத்து, சோறு போடும்போது துணிந்து கேட்டேன், தைக்குப் பிள்ளை வரட்டுமா என்று. வரட்டும், விழுப்புரத்துல லாட்ஜு இருக்குது, தங்கட்டும், நீ போய்ப் பாத்துக்கினு வா, நானே பஸ் ஏத்தி வுடறேன் என்றார். அப்புறம் மோர் ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டு முடித்தார். மாப்பிள்ளையின் அம்மா நம் கொல்லையில் கூலிக்கு மல்லாட்டை பிடுங்க வந்தவர் என்பதை அவர் சாகிறவரை மறக்கப்போவதில்லை. அந்த அம்மாவை நான் ரேஷன் கடையில் பார்க்கிறேன், சம்பந்தி என்று கூப்பிட நாக்கு நுனிவரை வருகிறது, வரிசையில் நம் தெருவார் நிற்கிறார்கள், பேசாமல் வந்துவிடுகிறேன். எனக்கும் அவ்வளவுதான் தைரியம்.

அதனால் டிக்கெட் போடாதே. பிறந்த ஊருக்கு வந்து லாட்ஜில் தங்குகிற கொடுமை உனக்கு வேண்டாம், மாமியார் வீட்டில் தங்கினாலும் அப்பா உன்னைத் தெரியாதவர் மாதிரித்தான் தாண்டிப் போவார், தாத்தா எங்கே என்று பாப்பா கேட்டால் நான் எந்தப் பக்கம் கையைக் காட்டுவேன். போகப்போக மாறிவிடுவார் என்று நீ சொல்வாய், உன் கதையில் மாறலாம், இந்த வீட்டில் மாறும் என்று எனக்குத் தோன்றவில்லை, உனக்கு ஆசை காட்டி ஏமாற்றவும் மனமில்லை. கேப்பை மாவும் வறுத்த மல்லாட்டையும் பார்சல் அனுப்புகிறேன். பாப்பாவுக்குத் தலைக்கு ஊற்றினால் உடனே துவட்டித் தொப்பி போடு. மாப்பிள்ளை நைட் டூட்டி முடித்து வரும்போது எழுத்தும் கையுமாக உட்கார்ந்திருக்காதே, சூடாக ஏதாவது செய்துகொடு. இல்லை, நீ எழுதிக்கொண்டே இரு, அவர்தான் உன்னைவிட நன்றாகச் சமைப்பாரே.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க அம்மாவின் ஆசீர்வாதம். ஒன்று மட்டும் மறக்காமல் செய். அடுத்த புத்தகத்தில் கோதண்டபாணி மகள் என்று போடாதே, அம்சவள்ளி மகள் என்று போடு. மேடையில் கூப்பிட்டால் எழுந்து வர ஆள் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
அம்சவள்ளி