மஞ்சள் அட்டை

ஜூன் 3, செவ்வாய்
ராபின் ஒரு புத்தகம் கொடுத்தான். நாலு வருடமாக என் கீழே தரச் சோதனையில் இருப்பவன்; 'அளவு சரியா இருக்கு சார்' தவிர வேறு பேசியதில்லை. சென்னையில் பேய்க் கேஸ்களைத் துப்பறியும் போலீஸ்காரன் கதையாம். மூன்று பாகம். "சும்மா படிச்சுப் பாருங்க சார்."

சும்மா யார் எதைக் கொடுக்கிறார்கள்? எந்த மட்டமான சரக்கை ஓகே பண்ணச் சொல்லப் போகிறானோ. நான் கதை படிக்கிறவனும் இல்லை.

ஜூன் 4
கம்பெனி பஸ்ஸில் பத்துப் பக்கம். போலீஸ்காரனுக்குத் துணை, மேம்பாலத்தடியில் குடியிருக்கும் ஒரு முனி. முனி டீ குடிக்கிறது! மூடிவிட்டேன்.

ஜூன் 6
பஸ் கவரைப்பேட்டையில் பழுதாகி நின்றது. வேறு வழியில்லாமல் மறுபடி திறந்தேன். பக்க அடையாளத்துக்கு எங்கள் கம்பெனி மஞ்சள் அட்டை! சந்தேகமான சரக்கில் கட்டுவது. முடிவு தெரியும்வரை யாரும் தொடக் கூடாது. பச்சை என்றால் போகலாம், சிவப்பு என்றால் கழிவு. அந்த இரண்டிலும் கையெழுத்து என்னுடையது. அட்டையை இப்படியா வீணாக்குவான்?

ஜூன் 9
முனி சொல்கிறது: மறைக்கிறவன் என்ன பேசுகிறான் என்று பார்க்காதே, எதைக் கேட்காமல் இருக்கிறான் என்று பார். பரவாயில்லை, முனிக்கு மூளை இருக்கிறது.

ராபின் இன்னும் எந்தச் சரக்கைப் பற்றியும் வாயைத் திறக்கவில்லை. அதுதான் இடிக்கிறது.

ஜூன் 10
தங்கச்சி பூமிகாவும் கேட்கவில்லை. புதுச்சட்டை போட்டாலே "இன்னாண்ணா, யாரு குடுத்தா?" என்று குடைகிறவள். ஒரு வாரமாகக் கதைப் புத்தகமும் கையுமாக இருக்கிறேன், ஒரு வார்த்தை இல்லை. ஏன்?

ஜூன் 12
சார்ஜர் தேடி அவள் பையைத் திறந்தேன். சார்ஜர்தான் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இரண்டாம் பாகம். அதற்குள் மஞ்சள் அட்டை, ராபினின் சாய்ந்த கையெழுத்து.

அப்பாவும் அம்மாவும் போனபிறகு அவளுக்கு நான்தானே எல்லாம்? எங்கிட்டயே மறைச்சிட்டாளே!

கேட்டேன். அவள் அழவில்லை. "கட்டிக்கலாம்னு இருக்கோம்ணா. நீ அவராண்ட வேலையத் தவிர ஒண்ணும் பேச மாட்ட. பேச எதனா வேணும்ல? அதான் புக்கு குடுக்கச் சொன்னேன்."

"அவங்க சர்ச்சுக்குப் போறவங்க. திருவாலங்காட்டு சொந்தமெல்லாம் இன்னா சொல்லும்?"

"நீ வேணாம்னா வேணாம். ஆனா எனக்கு வேற யாரையும் பாக்காத."



ஜூன் 14
சிவப்பு அட்டை ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். நாலு வருடமாக ராபினிடம் குறை தேடியிருக்கிறேன். இன்று நாள் முழுக்கத் தேடினேன். அட்டை சட்டைப் பையிலேயே இருக்கிறது.

ஜூன் 16
முதல் பாகம் முடிந்தது. கொலைகாரன் முனிதான் என்று ஆரம்பத்திலேயே முடிவு கட்டியிருந்தேன். தப்பு. கடைசிவரை கூட நின்றது அது மட்டும்தான்.

ஜூன் 17
புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன், மஞ்சளை எடுத்துவிட்டுப் பச்சை அட்டை வைத்து. திறந்து பார்த்தான். "சார்..."

"மூணாம் பாகத்த ஊட்டுக்கு எடுத்துனு வா. ஞாயித்துக்கிழம சர்ச் முடிச்சிட்டு வா" என்றேன்.

அவனுக்கு என்ன சமைப்பது என்று பூமிகாவிடம் கேட்டேன். யோசிக்காமல் சொன்னாள். எத்தனை நாளாகத் தெரியுமோ!