உள்ளே வருகிற பெங்களூர் சார்

இன்று காலை நம் சர்வர் அறையின் பழைய ஏசியைக் கழற்றினார்கள். கழற்றுவதற்கு முன் மெக்கானிக் ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தார். ஈரத்தூசியின் அந்த வாசனை வந்ததும் உன் ஞாபகம் வந்தது. ஞாபகம் என்று நாகரிகமாகச் சொல்கிறேன். வந்தது வயிற்றெரிச்சல்தான். நீ போய் மூன்று மாதமாகிறது, இன்னும் எரிகிறது.

நமக்கு ஒரே வயது. ஓசூரில் ஒரே கம்பெனியில், ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் விருதுநகர்ப் பக்கம், நீ இந்தப் பக்கத்துக் கல்லாவிக்காரன். கேண்டீனில் தமிழ், ஸ்டோர்ஸில் தெலுங்கு, கேட்டில் கன்னடம் என்று நீ வாயை மாற்றிக்கொண்டே நடப்பாய். பன்னிரண்டு வருடத்தில் எனக்குக் கன்னடத்தில் வந்ததெல்லாம் 'தெரியாது' என்று சொல்கிற 'கொத்தில்லா' ஒன்றுதான்.

ஐ.டி. பிரிவுக்கு ஒரு தலைவரைப் போடப்போகிறார்கள், நம் இருவரில் ஒருவர்தான் என்று பேச்சு அடிபட்ட நேரத்தில் அந்த சர்வர் சமாச்சாரம் வந்தது. பெங்களூரிலிருந்து சாஃப்ட்வேர்க்காரர் ரிமோட்டில் நுழைந்தால் போதும், கொஞ்ச நேரத்தில் சர்வர் தானாக ரீஸ்டார்ட் ஆகிவிடும். மெஷின்கள் ஓடுகிற ஷாப் ஃப்ளோரில் எல்லாருடைய என்ட்ரியும் பாதியில் நின்றுபோகும். மேனேஜர் அதை என்னிடம் ஒப்படைத்தார். உன்னிடம் இல்லை, என்னிடம். அன்று எனக்கிருந்த மிதப்பை நீ பார்த்திருக்க வேண்டும். பார்த்திருப்பாய்.

நாலு நாள் உட்கார்ந்தேன். நடந்ததையெல்லாம் சர்வர் குறித்துவைக்கிற லாக் முழுக்கப் படித்தேன். திடீரென்று நின்றுபோனது என்பதைத் தவிர அதில் ஒன்றுமில்லை. மெமரியை மாற்றினேன், பவர் சப்ளையை மாற்றினேன். என் சீட்டிலிருந்து நானே ரிமோட்டில் நுழைந்தால் ஒன்றும் ஆகவில்லை. அவர் நுழைந்தால் மட்டும் விழுந்தது. எனவே அவருடைய லேப்டாப்தான் காரணம் என்று முடிவு கட்டி, மேனேஜருக்கு நீளமாக ஒரு மெயிலும் போட்டுவிட்டேன்.

ஆபீஸைக் கூட்டிப் பெருக்கி, போனும் எடுக்கிற முனிரத்னம்மாவிடமும் நான் விசாரிக்காமல் இல்லை. "அக்கா, கம்ப்யூட்டர்ல எதையாவது தொட்டீங்களா?" என்றேன். "அய்யோ, நான் அதுங்கிட்டவே போறதில்ல சார்," என்றார். உண்மையைத்தான் சொன்னார்.

ஐந்தாம் நாள் நீ வந்தாய். சர்வரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த அம்மாவோடு டீ குடித்தபடி கன்னடத்தில் என்னவோ கேட்டாய். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எனக்காகத் தமிழில் திரும்பக் கேட்டாய். "போன் வந்தா நீ என்னக்கா பண்ணுவ?"

வெளியிலிருந்து யார் சர்வருக்குள் நுழைந்தாலும் முதலில் ஆபீஸுக்குப் போன் செய்து சொல்ல வேண்டும் என்பது நம் விதி. பெங்களூர்க்காரர் அதை 'ஒளகடே பர்தீனி' என்று சொல்வார். உள்ளே வருகிறேன்.

"சாரு உள்ள வர்றேங்கறாரு. அவ்ளோ தூரத்துல இருந்து வர்ற மனுசனுக்கு வேர்க்காதா? அதான் ஓடிப்போயி அந்த ரூம்ல ஏசியப் போட்டு வெக்கறேன்," என்றார் முனிரத்னம்மா. "ஆனா ஒரு நாளுகூட அவரு வரவே இல்ல சார்."

அந்த ஏசியும் சர்வரும் ஒரே லைன். யு.பி.எஸ். பேட்டரி பேருக்குத்தான் இருந்தது. ஏசி கிளம்பும்போது வோல்ட்டேஜ் இறங்கும், சர்வர் விழுந்து எழுந்துகொள்ளும். நான் அந்த நாலு நாளும் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டு அந்தக் காற்றில்தான் உட்கார்ந்திருந்தேன். அக்கா சுவிட்சைப் போட்ட ஒவ்வொரு முறையும் தேங்க்ஸ் வேறு சொல்லியிருக்கிறேன்.

மேனேஜரிடம் நீ, "ரெண்டு பேரும் சேந்துதான் சார் பாத்தோம்," என்றாய். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. நீ பீற்றிக்கொண்டிருந்தால் உன்னைத் திட்டியாவது மனசை ஆற்றியிருப்பேன். பதவி உனக்கு வந்தது. கைகொடுத்து வாழ்த்துச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் அன்று சாப்பிடாமல் படுத்தேன்.

அதற்குப் பிறகு ஆறு வருடம் உனக்குக் கீழே வேலை. எந்தச் சிக்கல் வந்தாலும், "உனக்குத் தெரியாததாப்பா, நீ உக்காந்து பாரு," என்பாய். கேலி செய்கிறாய் என்றே நினைத்தேன். இப்போது உன் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். ஜெயித்து வாங்கியது இல்லை, பஸ்ஸில் ஆள் இறங்கியதும் கிடைக்கிற சீட் மாதிரி கிடைத்தது. யாராவது ஒரு பிரச்சினையோடு வந்தால் என்னிடம் சொல்லிவிட்டு, "அவரு இருந்திருந்தா..." என்று இழுக்கிறார்கள்.

உன் காரியத்துக்குக் கல்லாவி வந்திருந்தேன். கேட்டில் நிற்கிற செக்யூரிட்டி முதல் மேனேஜர் வரை வந்திருந்தார்கள். முனிரத்னம்மா சுவரோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். எனக்கு இத்தனை பேர் வருவார்களா என்று அங்கேயும் கணக்குப் பார்த்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் பார்த்தேன்.

கிளம்பும்போது உன் மனைவி என்னை நிறுத்தினாள்.

"சாப்பிட உக்காந்தா உங்களப் பத்திப் பேசாத நாளே இல்லண்ணா. 'அவன் நாலு நாளானாலும் எழுந்திரிக்காம உக்காந்து பாப்பான், எனக்கு அந்தப் பொறும வராது, அவனப் பாத்தா பொறாமையா இருக்குது'ன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு."

பன்னிரண்டு வருடமாக நான் தொண்டைக்குள் வைத்திருக்கிற வார்த்தை அது. என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை, இன்னும் சொல்லவில்லை. நீ சோற்றைப் பிசைந்துகொண்டே சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். அதிலும் என்னை முந்திக்கொண்டாயே, பாவி.