உருண்ட காருக்கு ரெண்டு சஹன் சோறு

மச்சான்,

நீங்க லுஹர் தொழப் பள்ளிக்குப் போனதும், கண்டியில இருந்து பௌசான் எண்டு ஒருத்தர் கோல் எடுத்தார். நேத்து வளைவில ஒங்கட மொரிஸ் மைனரப் பின்னால இடிச்சது அவர்தானாம். கார் மூணு தரம் உருண்டதாம். நம்மக்கிட்ட மோட்டர் சைக்கிள் மட்டுந்தானே இரிக்கி? நேத்து நீங்க ஊட்ட விட்டு வெளிக்கிடவும் இல்லையே? எனக்கு ஒண்டும் விளங்கல்ல. அழுகைதான் வந்திச்சி. ஒங்கட உசிரு தப்பினதுக்கு மத்ரஸாப் பிள்ளைகள் சுத்தி இருந்து தின்ன ரெண்டு பெரிய சஹன் சோறு நேர்ந்துட்டன்.

பொறகுதான் மகள் சொன்னா, அது கம்பியூட்டர்ல பழைய கார் ஓடுற போட்டியாம், நீங்க போன மாசமே கூட்டாளிமாரோட சேர்ந்துட்டீங்களாம்.

இல்லாத காருக்கு நேர்ந்த சோறு குடுக்கணுமா, தேவல்லையா? மௌலவிட பொஞ்சாதிக்கிட்டக் கேக்கப் போறன்.

மீன் ஆணம் மூடி வெச்சிரிக்கன். கண்ணில படட்டும் எண்டுதான் இத ஒங்கட கம்பியூட்டர் ஸ்டேரிங்கில ஒட்டினன்.

ஜெஸீமா

மறந்துட்டன். அந்த மனிசன் ரெண்டு தரம் மாப்புக் கேட்டார், இல்லாத கார இடிச்சதுக்கு. வெள்ளிக்கிழம உம்மாக்கு முன்னால என்னை ஏசினீங்களே, அதுக்கு?