உறவு இல்லை என்று எழுதிக்கொண்டார்கள்

06.03.2007, செவ்வாய்

வேலையில் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனேன். வழக்கு முடியுமுன்னமே விளக்கமறியலில் அடைத்து வைத்திருக்கிற என்ர மனுசனைப் பார்க்க நீதிபதியின் அனுமதிச் சீட்டு வேண்டுமாம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கிளார்க் பெட்டை, உறவு என்ன என்று கேட்டாள். மனைவி என்றேன். கொம்பியூட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பவும் கொம்பியூட்டரைப் பார்த்தாள்.

"ரகுநாதனின் மனைவி போன கிழமையே சீட்டு வாங்கிவிட்டாரே. திருமதி ஹெல்கா."

ஹெல்கா! தொண்ணூற்றிமூன்றில் விசாவுக்காக இவர் கலியாணம் பதிந்த ஜெர்மன்காரக் கிழவி. டிவோர்ஸ் எடுத்து அதெல்லாம் எப்பவோ வெட்டியாச்சு என்று சொல்லித்தானே இரண்டாயிரத்தில் எனக்குத் தாலி கட்டினவர்? எங்கட கலியாணத்தைப் பதிய ஊரிலிருந்து பேப்பர் வரவேணும், வரவேணும் என்று வருசக்கணக்காய்க் கடத்தினவர். நானும் ஒரு விசரி, தலையாட்டிக்கொண்டு இருந்திருக்கிறன்.

திரும்பி வரும்போது எஸ்-பான் ரயிலில் அழுகை வரவில்லை. யாருக்காவது அடிக்கவேணும் போல இருந்தது. அடிக்க வேண்டிய ஆள் உள்ளுக்கு இருக்கிறார்.

07.03

மச்சாளுக்குப் போன் எடுத்தேன். அவவுக்கு முதலே தெரியும். எல்லாருக்கும் தெரியும்.

15.03, வியாழன்

மச்சாள் கமலாம்பிகை — இவருடைய அக்கா — லோயரைக் கண்டுவிட்டு நேரே இங்கே வந்தா. இவர் பாரிஸ் பக்கத்திலிருந்து விசா இல்லாத பெடியளைத் தன்ர வான் வண்டியில் ஏற்றி வரும்போது பிடிபட்டவர். வழியில் மறித்தவர்களுக்குச் சும்மா லிஃப்ட் கொடுத்தேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். காசுக்குச் செய்தாரா, முன்னமும் செய்தாரா என்பதுதான் வழக்கு. சகோதரங்கள் கனடாவில் இருப்பதால் ஓடிவிடுவார் என்று வெளியே விடுகிறார்கள் இல்லை. இங்கேயே சொந்த வீட்டோடு ஒரு ஜெர்மன் மனைவி இருந்தால் ஓடமாட்டார் என்று லோயர் வாதாடலாமாம்.

அப்ப நான்?

ஒரே விலாசத்தில் இருப்பதால் என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"ரெண்டு சொல்லுத்தான் பிரபா. சொந்தமில்லை எண்டு சொல்லு. முந்தி ஒரு பெடியளும் வீட்டை வரேல்லை எண்டு சொல்லு."

"அப்ப நான் ஆர் எண்டு கேட்டால் மச்சாள்?"

"வாடகைக்கு இருக்கிறனெண்டு சொல்லன். பிள்ளை குட்டியும் இல்லைத்தானே, ஆர் கேக்கப்போறான்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னா. நானும் சிரித்துக்கொண்டே தேத்தண்ணி கொடுத்தேன். சீனி போடவில்லை.

21.03, புதன்

சாட்சி என்பதால் எனக்குச் சீட்டு இல்லையாம். கடிதம் வந்திருக்கிறது. ஹெல்கா போய்ப் பார்த்து, காலுறையும் கொடுத்துவிட்டு வந்தாவாம். அந்தக் கிழவிக்கு இவருடைய கால் அளவு எப்படித் தெரியும்? வெள்ளிக்கிழமைகளில் காட்ஸ் விளையாடப் போறன், போறன் என்றது எங்கே? கேட்கவும் ஏலாது. கேட்க விடமாட்டார்கள்.

29.03, வியாழன்

நீதிமன்ற வாசலில் மச்சாள் நின்றா. என் கழுத்தைப் பார்த்தா.

"தாலிக்கொடியைக் கழட்டு. சட்டைக்குள்ளால தெரியுது."

"மச்சாள், இவர் உயிரோட இருக்கிறார்."

"அவர் வெளியில வரவேணுமோ வேண்டாமோ?"

கக்கூசுக்குள் நின்று கழற்றினேன். வழுக்கி ஒருமுறை தொட்டிக்குள் விழுந்தது. கழுவி, கடதாசியில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். வெளியே வர மச்சாள் "நல்ல பிள்ளை" என்றா. என்ர கடவுளே, அந்த வாய்!

மொழிபெயர்ப்பாளர் யாரென்றால் உமாபதி அண்ணை. எங்கள் கலியாணத்தில் முதல் பந்தியில் இருந்து வடை காணாது என்று குறை சொன்ன அதே உமாபதி அண்ணை. நீதிபதி ஒரு பெண், மெதுவாகக் கதைத்தா. சந்தேக நபருக்கு உறவோ, கலியாண வழியில் சொந்தமோ? அப்படியென்றால் நீங்கள் பேசாமல் இருக்கலாம். உமாபதி அண்ணை நிலத்தைப் பார்த்துக்கொண்டு இதைத் தமிழில் கேட்டார்.

"இல்லை."

அதை அப்படியே ஜெர்மனில் சொன்னார். எழுதிக்கொண்டார்கள்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும், உண்மையே சொல்ல வேண்டும் என்றா நீதிபதி.

மனைவி என்றால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். வாடகைக்கு இருக்கிறவளுக்கு என்ன வந்தது? மச்சாளின் இரண்டாவது சொல்லை நான் சொல்லவில்லை. ஜனவரியில் வந்த பெடியள், அவர்களுக்கு விரித்த மெத்தை, ஆளுக்கு எவ்வளவு என்று இவர் போனில் பேரம் பேசியது, எல்லாம் சொன்னேன். உமாபதி அண்ணைக்கு வியர்த்தது. சொல்லச் சொல்ல எனக்கு நல்லாய் இருந்தது. பொய் சொல்லுவானேன், நல்லாய்த்தான் இருந்தது.

04.04, புதன்

இவரை விட்டுவிட்டார்கள்.

லோயரின் செக்ரட்டரி போனில் வாசித்தாள். முக்கிய சாட்சியின் வாக்குமூலம் நீதிபதி முன்னால் பதிந்தாயிற்று, இனி இவரால் சாட்சியைக் கலைக்க முடியாது. மனைவி வீட்டில் இருப்பதால் ஓடவும் மாட்டார். பாஸ்போட்டைக் கொடுக்க வேண்டும், பொலிசில் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும், ஹெல்கா வீட்டில்தான் தங்க வேண்டும். சாட்சியோடு நேரிலோ போனிலோ எந்தத் தொடர்பும் கூடாது. மீறினால் திரும்ப உள்ளே.

சாட்சி நான்தான்.

உள்ளுக்குக் கிடக்கட்டும் என்றுதானே எல்லாத்தையும் கொட்டினனான்? அதாலயே வெளியில விட்டு, அவளின்ர வீட்டு வாசல்ல கொண்டுபோய் இறக்கியிருக்கிறாங்கள்.

22.04, ஞாயிறு

மத்தியானம் மணி அடித்தது. இவர்! மெலிந்திருந்தார். சாம்பல் நிறத்தில் புதுச் சுவெற்றர்.

"ஒருத்தரும் காணேல்லை. பயப்பிடாதை. ஹெல்காவோட பதிஞ்சது ஒரு பேப்பர்தானே பிரபா, வழக்கு முடிய இஞ்சை வந்திடுவன். அந்த மனுசி உப்பில்லாமல் உருளைக்கிழங்கு அவிச்சுத் தருது, ஏலாது. சோறு இருக்கோ?"

ஒரு நிமிடம் மனம் இளகிப்போனது. அதையும் எழுதத்தான் வேண்டும். ஆட்டுக்கறி வைத்திருந்தேன், போட்டுக் கொடுத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"நீ அங்கை போய்ச் சொன்னதெல்லாம் லோயர் காட்டினவர். பறவாயில்லை. நான் மன்னிச்சிட்டன்."

மன்னிச்சிட்டாராம்.

இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன். குழம்பும் ஊற்றினேன். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பொலிசுக்குப் போன் எடுத்தேன். பெயர் கேட்டார்கள், சொன்னேன். அந்த ஆளுக்கு என்ன உறவு என்று கேட்டார்கள். இல்லை என்றேன்.

அவர்கள் வரும்போது இவர் எலும்பைச் சூப்பிக்கொண்டிருந்தார். கை கழுவ விட்டார்கள். துவாயை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

24.04, செவ்வாய்

திரும்ப உள்ளுக்குத்தான், வழக்கு முடியும்வரை.

பின்னேரம் ஹெல்கா போன் எடுத்தா. குரலை இன்றைக்குத்தான் கேட்கிறேன், வயதுபோன குரல். அழுதுகொண்டு, தன்னுடைய வீட்டில் அவருக்கு என்ன குறை, ஏன் வெளிக்கிட்டுப் போனார் என்று என்னிடம் கேட்டா. உப்பில்லாத கிழங்கு என்று சொல்லியிருக்கலாம். உங்களில் பிழை ஒன்றுமில்லை என்றும் சொல்லியிருக்கலாம்.

நான் சாட்சி, உங்களோடு கதைக்கக்கூடாது என்று சொல்லிப் போனை வைத்தேன்.